எதிர்மனுதாரரின் ஜீப்

கோர்ட்டில் என் பெயர் மனுதாரர். என் காலை உடைத்த ஜீப்பின் சொந்தக்காரர் முதலாம் எதிர்மனுதாரர். அந்த ஜீப்புக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனி இரண்டாம் எதிர்மனுதாரர். இதை மண்டையில் ஏற்றிக்கொள்ளவே எனக்கு மூன்று வாய்தா ஆனது. காரணம், மனுதாரரும் முதலாம் எதிர்மனுதாரரும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரே ஜீப்பில்தான் கள்ளக்குறிச்சிக்கு வந்து இறங்கினோம். ஓட்டியவர் எதிர்மனுதாரர். முன்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தவள் நான்.

எங்கள் ஊர் மலைமேல், கரியாலூரிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் கரியாலூரோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஒன்றரை மணி நேர நடை, இல்லையென்றால் அந்த ஜீப். ஊருக்கே ஒரு ஜீப்தான். கல்யாணம், காய்ச்சல், பிரசவம், சந்தைக்குப் போகிற சாமை மூட்டை எல்லாம் அதில்தான் ஏறி இறங்கும். நான் பெரும்பாலும் நடக்கிற ஆள். பள்ளிப் பிள்ளைகளின் சீருடை தைக்கிறேன். தையல் சங்கத்தில் வெட்டிக் கொடுக்கிற துணியை வாங்கி வந்து, வீட்டில் மிதி மெஷினில் தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். போக வரவும் கால் வேண்டும், உட்கார்ந்து வேலை செய்யவும் கால் வேண்டும். துணி ரொம்ப அதிகமாக இருக்கிற நாளில் மட்டும் ஜீப்பில் ஏறுவேன்.

அப்படி ஏறிய ஒரு நாளில்தான் அது நடந்தது. ஊருக்குச் சற்று முன்னால் ஒரு செங்குத்தான மேடு. இன்ஜின் சூடாகிவிட்டதென்று அண்ணன் வண்டியை மேட்டிலேயே நிறுத்தினார். அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. ஜீப் ஓட்டுகிறவரை ஊரே அண்ணன் என்றுதான் கூப்பிடும். எங்கள் பக்கத்தில் கைப்பிரேக்கை யாரும் நம்புவதில்லை. மேட்டில் நிறுத்தினால் பின்சக்கரத்துக்கு ஒரு கல் வைக்க வேண்டும். முதலில் இறங்குகிறவர் வைப்பார். அன்று முதலில் இறங்கியவள் நான்.

"கல்லு வையி தங்கச்சி" என்றார். வைத்தேன். அவர் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனார். நான் ஜீப்பின் பின்னால் நின்று துணி மூட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். வண்டி சத்தமே போடாமல் பின்னால் நகர்ந்து வந்து, ரோட்டோரத்துக் கல்கட்டோடு சேர்த்து என் வலது காலை அழுத்தியது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய்விட்டது.

என்னைத் தூக்கி அதே ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தவரும் அவர்தான். மலை இறங்கும் வரை அழுதுகொண்டே ஓட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வலியிலும் என் புத்தி ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் வைத்த கல் சின்னதா? சரியாகத்தான் வைத்தேனா? பெரிய கல் ஒன்று பக்கத்திலேயே கிடந்ததே, அதை ஏன் எடுக்கவில்லை?

ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு ஒன்று தெரிந்துகொண்டேன். எலும்பு முறிந்தவர்கள் எல்லோரும் பாதி வக்கீல்கள். பக்கத்துக் கட்டில் சின்னசேலத்து அக்கா, "எதுலயும் கையெழுத்து போட்டுடாத, கேஸு போயிடும்" என்றாள். எதிர்க்கட்டில் தியாகதுருகத்து அம்மா, "கையெழுத்து போடாம கேஸு எங்கேந்து வரும்? கேட்டா உடனே போட்டுக் குடு" என்றாள். மூன்று மாதத்தில் முடிந்துவிடும் என்றாள் ஒருத்தி. எட்டு வருடமாக நடக்கிறது என்றாள் இன்னொருத்தி. நான் எல்லோருக்கும் தலையாட்டினேன்.

இதற்கு நடுவில் என் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்துவைத்திருந்தார். விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம், "சறுக்கி வுழுந்துட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டார். கேட்டால், "கேஸுன்னா ஜீப்ப ஸ்டேஷன்ல போட்டுடுவாங்கமே. ஊரே நடக்கணும். அப்புறம் நம்ம வூட்டாண்ட யாரு வருவா?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆகவே ஒரு வாரம் நான் சறுக்கி விழுந்தவளாகவே படுத்திருந்தேன். பிறகு அண்ணனே ஸ்டேஷனுக்குப் போய், "என் வண்டிதாங்க, நான்தாங்க நிறுத்தனேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். யாரைக் கேட்டுப் போனார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஜீப் பத்து நாள் ஸ்டேஷனில் நின்றது. ஊர் பத்து நாள் நடந்தது. என்னைத் திட்டாதவர்கள் குறைவு.

காலில் தகடு வைத்துத் தைத்து அனுப்பினார்கள். எலும்பு ஒட்டியது, ஆனால் கோணலாக ஒட்டியது. பாதம் முழுதாகத் தரையில் படவில்லை. மெஷினை இடது காலால் மிதித்துப் பார்த்தேன், தையல் நேராக வரவில்லை. மறுபடி வெட்டி நேராக்க வேண்டும், அதற்கு சேலத்துக்குப் போக வேண்டும், அதன் பிறகு மாதக்கணக்கில் காலை ஊன்றக் கூடாது என்றார்கள். அதற்குத்தான் பணம். கேஸ் போடும் எண்ணம் அங்கேதான் வந்தது.

கோர்ட்டு வளாகத்தில் இலவசச் சட்ட உதவி என்று போர்டு போட்ட அறையில் எனக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்தார். கள்ளக்குறிச்சிக்காரர், அதிர்ந்து பேசாதவர். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது டாக்டர் முதலில் எழுதிய சீட்டைத்தான் முதலில் கேட்டார். அதில் "வண்டி மோதி" என்று இருந்தது. அண்ணன் அழுதுகொண்டே டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறார். வக்கீலம்மா மூச்சு விட்டார். "இந்த ஒரு சீட்டு மாறியிருந்தா நான் உங்கள திருப்பி அனுப்பியிருப்பேன்" என்றார். பிறகு எஃப்.ஐ.ஆரைப் படித்தார். அதில், முதலாம் எதிர்மனுதாரர் வாகனத்தை "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று இருந்தது.

கூட வந்திருந்த அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் ஓடைல தண்ணி மொண்டுக்கினு இருந்தேங்க. வண்டில ஆளே இல்ல. அதிவேகம் எங்கேந்துங்க வந்துச்சு?" என்றார்.

"அது எல்லா எஃப்.ஐ.ஆர்லயும் வர்ற வரி. நம்ம மனுவுல நடந்தத எழுதிக்கலாம்" என்றார் வக்கீலம்மா. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நடக்காததை எழுதிய காகிதத்தை ஆதாரமாக வைத்து, நடந்ததை எழுதப் போகிறார்கள். நின்ற வண்டி வேகமாக வந்தது என்று அரசாங்கமே சொன்னால், நான் பார்த்தது எது? அண்ணன் வெளியே போனதும் தொண்டையில் இருந்ததைச் சொன்னேன்.

"மேடம், கல்லு வச்சது நானுங்க."

அவர் பேனாவை மூடினார். "வண்டி யாரோடது?"

"அண்ணனோடது."

"மேட்டுல நிறுத்தனது யாரு?"

"அவருதாங்க."

"நிறுத்தற பொறுப்பு ஓட்டறவங்களுக்கு. நீங்க உதவி பண்ணீங்க, அவ்ளோதான்."

"அப்ப என் மேல தப்பு இல்லீங்களா?"

"அத ஜட்ஜ் சொல்லுவாரு. கேட்டா உள்ளத சொல்லுங்க. கேக்காததுக்கு நீங்களா பதில் சொல்லிக்கினு இருக்காதீங்க."

இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் ஒரு முடிவாக இருந்திருக்கும். இரண்டும் இல்லாமல் ஊருக்குத் திரும்பினேன். ஜீப்பில்தான்.

அந்த ஜீப்பில் கோர்ட்டுக்குப் போகத் தொடங்குவதற்கு முன் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். அதுதான் பிறகு என் கழுத்துக்குக் கத்தியாக வந்தது. ரத்தம் பார்த்த வண்டியைச் சும்மா விடக் கூடாது என்பார்கள் எங்கள் ஊரில். யாருடைய ரத்தத்தைப் பார்த்ததோ அவரே தன் கையால் பூஜை போட்டுக் கழிப்புக் கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி மறுபடி அதே ஆளைத் தேடும் என்பது நம்பிக்கை. எனக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை என்பேன். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மறுவாரமே ஜீப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஒரு சேவல், பூசணிக்காய், சாமந்தி மாலை. ஒரு காலில் நின்றேன். வீட்டுக்காரர் பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்திருந்தார். மாலையைப் போடும்போது பக்கத்து வீட்டுக்காரி போனில் படம் பிடித்து, "கொஞ்சம் சிரிக்கா" என்றாள். சிரித்தேன்.

கேஸ் போட்டு ஆறேழு மாதம் கழித்து, நீர்வீழ்ச்சி பார்க்க வந்ததாக ஒருவர் எங்கள் ஊருக்கு வந்தார். நல்ல வெயில். வழி தவறிவிட்டதாகச் சொன்னார். எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்து சாமைச் சோறும் கொள்ளு ரசமும் சாப்பிட்டார். காலைப் பார்த்து, "இன்னாம்மா ஆச்சு?" என்று இரக்கமாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் கதையை முதலிலிருந்து சொல்லி, பூஜை போட்ட படத்தையும் காட்டி, "நல்லா இருக்குதா பாருங்க, உங்க போனுக்கே அனுப்பறேன்" என்று அனுப்பியும் வைத்தார். அவர் கம்பெனி அனுப்பிய விசாரணை ஆள் என்று கோர்ட்டில்தான் தெரிந்தது. போகும்போது சோறு நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். அதில் பொய் இல்லை என்றே நினைக்கிறேன்.

கோர்ட்டு நாட்களில் எனக்குப் புரியாமலே போனது இன்னொன்று. டவாலி வெளியே வந்து அண்ணனின் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுவார். அண்ணன் பத்தடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருப்பார். பதில் சொல்ல மாட்டார். எதிர்த்து வழக்காடவில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம், கம்பெனிதான் பதில் சொல்லும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வரவில்லை என்று எழுதிக்கொள்வார்கள். எனக்கு உடம்பு கூசும். "வந்துருக்காருங்க, இதோ நிக்கிறாரு" என்று சொல்ல வாய் வரை வரும். கேட்காததற்குப் பதில் சொல்லக் கூடாது என்பது நினைவு வந்து விழுங்கிவிடுவேன்.

என்னைக் கூண்டில் ஏற்றிய நாள் வந்தது. கம்பெனி வக்கீல் கெட்டவர் இல்லை. குரலை உயர்த்தவே இல்லை.

"கல்லை வெச்சது யாரு?"

"நானுங்க."

அவர் இவ்வளவு சுலபமாக இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. காகிதத்தைப் புரட்டினார். எனக்கோ பெரிய பாரம் இறங்கியது. இத்தனை நாளில் அந்தக் கேள்வியை என்னிடம் நேராகக் கேட்ட முதல் ஆள் அவர்தான். அவருக்கு நன்றி சொல்லலாம் போல இருந்தது. அதற்குள் படத்தை நீட்டினார்.

"இதுல நிக்கிறது நீங்கதானே?"

"ஆமாங்க."

"சிரிச்சிக்கிட்டு நிக்கிறீங்க."

"சிரிக்க சொன்னாங்க."

"உங்க காலை உடைச்ச வண்டிக்கு நீங்களே மாலை போடுறீங்க. பக்கத்துல வண்டிக்காரர் நிக்கிறாரு. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கிட்டு, கம்பெனி பணத்தை வாங்கறதுக்காகப் போட்ட வழக்கு இதுன்னு நான் சொல்றேன்."

"இல்லீங்க."

"இன்னைக்கு கோர்ட்டுக்கு எதுல வந்தீங்க?"

நான் வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த ஜீப்புலதாங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கம்பெனி வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இதற்கு மேல் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. சேலம், ஆபரேஷன், மெஷின் எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். என் வாயாலேயே கெடுத்துவிட்டேன், ஆனால் எந்த இடத்தில் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்றும் தெரியவில்லை.

ஜட்ஜ் ஐயா பேனாவைக் கீழே வைத்தார். "எதுக்கும்மா அந்த வண்டிக்கு பூஜை போட்டே?"

"பயமா இருந்துச்சுங்க ஐயா."

"என்ன பயம்?"

"மறுபடி அதுலதானுங்க ஏறணும்."

"வேற வண்டி இல்லையா?"

"இல்லீங்க. பஸ்ஸு கரியாலூரோட சரி."

"கால் நல்லா இருந்தப்போ எப்படிப் போவே?"

"நடந்துங்க."

அவர் எட்டிக் கூண்டுக்குள் என் காலைப் பார்த்தார். எனக்கு அப்போது என்ன ஆனதோ, கேட்காததற்கும் பதில் சொல்லிவிட்டேன்.

"கால் நேராயிட்டா நடந்துடுவேங்க ஐயா. அந்த வண்டில ஏறாம இருக்கத்தாங்க இந்தக் கேஸே."

டைப் அடிப்பவர் தலையைத் தூக்கி, கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். மழை வரும்போலிருக்கிறது, சீக்கிரம் கிளம்பலாம் என்று சொல்ல வந்திருக்கிறார். இரண்டு தடவையும் கேட்டுவிட்டார்.

அன்று திரும்பும்போது கதவை எப்போதும் போல அவரே திறந்துவிட்டார். காலுக்கு அடியில் வைக்கும் சாக்கை மடித்துப் போட்டார். பாதி வழியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அவ்ளோ பயமா தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார். என்னைத் தூக்கி வந்தவர், ஸ்டேஷனுக்குத் தானாகப் போனவர், ஒரு வாய்தா தவறாமல் கூட்டி வந்தவர். இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆமாம் என்பதும் வாயில் வரவில்லை. வெளியே பார்த்தேன்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாகத்தான் வந்தது. கல் வைத்ததற்காக ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியைக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று இருந்தது. ஆக, தப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று எழுத்தில் வந்துவிட்டது. வக்கீலம்மா சந்தோஷப்பட்டார். நான் அந்தப் பக்கத்தை மட்டும் நாலைந்து தடவை படித்தேன். என் பங்கு இவ்வளவு என்று எதை வைத்து அளந்தார்கள் என்பது பிடிபடவே இல்லை. சேலத்தில் காலை வெட்டி நேராக்கினார்கள். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறேன், ஆனால் பாதம் முழுதாகப் படுகிறது.

இப்போது நடந்துதான் போகிறேன். பின்னால் ஜீப் சத்தம் கேட்டால் ஓரத்தில் ஏறி நின்றுகொள்வேன். அண்ணன் வேகத்தைக் குறைத்து என்னைத் தாண்டிப் போவார். ஏறு என்று அவர் கூப்பிடுவதில்லை. என் மேல் கோபமா, என் பயத்துக்குக் கொடுக்கிற மரியாதையா என்று ஒவ்வொரு தடவையும் யோசிப்பேன். போன மாதம் ரேஷன் அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. ஜீப் எனக்கு முன்னால் தள்ளிப் போய், சமதரையில் நின்றது. அண்ணன் இறங்கி வந்தார். என்ன பதில் சொல்வது என்று நான் தயங்கிக்கொண்டிருக்கும்போதே கையை நீட்டினார்.

"பையக் குடு. நீ நடந்து வா தங்கச்சி" என்றார்.